ஆலயம் நிறைந்த சனிக்கிழமை

"சாட்சி சொல்ல வந்தீங்களா, இல்ல சண்டை போட வந்தீங்களா?"

தென்காசி நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி குழல்வாய்மொழியிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். "ரெண்டுக்கும்தான் ஐயா" என்று அவள் சொன்ன பதிலுக்கு நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வக்கீல்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சண்டைக்காரி'. பெரிய கோபுரத்துக்குப் பின்னால் பாத்திரக்கடை மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு அந்தப் பெயரே விளம்பரமாகிவிட்டது. ஏமாந்துபோய் வயிறு எரிந்து படியேறி வருபவர்களுக்குச் சாந்தமான ஆள் தேவைப்படவில்லை.

இந்தச் சனிக்கிழமை சமாதானபுரம் கிறிஸ்தவ ஆலயத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அவளுக்குக் கோபம்தான். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் பிரிந்து, தென்னந்தோப்புக்குள் புகுந்தால் வரும் சின்ன ஊர் அது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் பாதியில் நின்றுபோன கலியாண மண்டபத்தின் தூண்கள் தெரிந்தன. கம்பிகள் துருவேறி, தூணுக்குத் தூண் கொடி படர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம்.

"அந்த மண்டபத்துக்குத்தான் கடன் வாங்கினோம்" என்றார் வேதமாணிக்கம் ஐயர். சபையின் போதகர் அவர்; அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அறுபது வயது, வெள்ளை ஜிப்பா, சவரம் செய்ய மறந்த முகம். "மணிமகுடம் பைனான்ஸ்ல. ஆலயமும் கல்லறைத் தோட்டமும் ஒரே சர்வே எண்ணுல இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் அடமானம். தவணை கட்ட முடியாமப் போச்சு. இப்ப, நாங்க பொய் சொல்லி ஏமாத்திக் கடன் வாங்கினோம்னு கேஸ் போட்டு, உடனே ஏலம் விடக் கேக்காங்க. திங்கக்கிழம விசாரணை."

"என்ன பொய்யாம்?"

பதிலாக, பக்கத்தில் நின்ற சபைச் செயலர் தேவஇரக்கம் தன் செல்போனை நீட்டினார். ஐம்பதைத் தொட்ட மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "இதுதாம்மா அவங்க கோர்ட்டுல குடுத்த வீடியோ. போன வருஷம் சீசன்ல ஒரு சனிக்கிழம எடுத்ததாம்."

குழல்வாய்மொழியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் முஹ்ஸினா. கடையநல்லூர்க்காரி. பார்த்த மூன்று வேலைகளையும் வாயாலேயே இழந்தவள். நான்காவதாகக் கிடைத்த இந்த உதவியாளர் வேலைக்கு அந்த வாய்தான் தகுதி.

வீடியோவில் இதே ஆலயம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் முழுக்க ஆண்கள். இடப்பக்கம் முழுக்கப் பெண்கள், எல்லார் தலையிலும் முக்காடு. படம் எடுப்பவனின் குரல் "எல்லாரும் கைய மேல தூக்குங்க" என்றது. கைகள் உயர்ந்தன. நடுவில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

"பாவம், பிரசங்கம் நீளம்போல" என்றாள் முஹ்ஸினா.

"எங்க சபை எண்பது குடும்பம்மா" என்றார் ஐயர். "ஞாயித்துக்கிழம பாதி பெஞ்சு காலி. இந்தக் கூட்டத்தக் காட்டித்தான் கடன் கேட்டோம்னு சொல்லுதாங்க. இவ்வளவு பேர் காணிக்க போட்டா தவணை தானா வந்துரும்னு நம்பிட்டாங்களாம். இதுல ஒரு முகம்கூட என் சபை முகம் இல்ல. கடன் தாள்ல கையெழுத்துப் போட்டவன் நான். போலீசுல என் பேருலதான் மோசடிப் புகாரும் இருக்கு."

"இது எடுத்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஐயர் சன்னல் பக்கம் திரும்பினார். "வேலூர் ஆஸ்பத்திரியில. சொர்ணத்துக்குத் துணைக்கு. என் சம்சாரம்."

"நல்லாயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு முஹ்ஸினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயர் பார்த்துக்கொண்டிருந்தது கல்லறைத் தோட்டத்தை. வாசலை ஒட்டியிருந்த புதுச் சிலுவையின் வெள்ளைப் பூச்சு இன்னும் மங்கவில்லை.

"ஏலம் விட்டா அதையும் சேத்துத்தான் விடுவாங்க" என்றார் ஐயர். அவர் குரல் உயரவில்லை. குழல்வாய்மொழிக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த மனிதருக்கும் சேர்த்து அவளே கோபப்பட வேண்டியிருந்தது.

"இதுல துப்பறிய என்னம்மா இருக்கு?" என்று குறுக்கிட்டார் தேவஇரக்கம். "எல்லாம் கம்ப்யூட்டர் வேல. இப்பத்தான் இல்லாத ஆள எல்லாம் படத்துல உண்டாக்குதாங்களே. நம்ம வக்கீலும் அதத்தான் சொல்லப் போறாரு. நீங்களும் அப்பிடி ஒரு அறிக்க குடுத்தாப் போதும். அன்னைக்கு நான்கூட திருநெல்வேலியில ஒரு கலியாணத்துல இருந்தேன். ஆலயம் பூட்டிக் கெடந்துது."

குழல்வாய்மொழி பெஞ்சில் சாய்ந்தாள். சட்டென்று முதுகை எடுத்தாள். பெஞ்சின் சாய்மானத்தைத் தடவி, விரலை முகர்ந்தாள். எழுந்து அடுத்த பெஞ்சைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. வலப்பக்கப் பெஞ்சுகள் எல்லாவற்றிலும், முதுகு படும் உயரத்தில், கறுத்த திட்டுகள். நடைபாதையைத் தாண்டி இடப்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே மரம் சுத்தமாக இருந்தது.

"இது என்ன கறை?"

"வார்னிஷ்மா" என்றார் தேவஇரக்கம். "பழைய மரம். கசியுது."

"சீயக்காய் போட்டுத் தேச்சும் போகல" என்றார் ஐயர். "சாரல் விழுந்தா மறுபடி மேல வருது. சொர்ணத்தக் கொண்டாந்து இங்கன வச்ச அன்னைக்குத்தான் நான் முதல்ல பாத்தேன். ஓஞ்சுபோய் சாஞ்சேன். அங்கி முதுகு பூரா ஒட்டிருச்சு."

குழல்வாய்மொழி விரலை முஹ்ஸினாவின் மூக்கருகே நீட்டினாள். "என்ன வாசம்ட்டி?"

முஹ்ஸினா கண்ணை மூடி இழுத்தாள். "நல்லெண்ணெய். ஓமம். கற்பூரம். எங்க மாமா குத்தாலம் போய்ட்டு வந்தா ரெண்டு நாளைக்கு வீடே இப்பிடித்தான் நாறும்."

"கம்ப்யூட்டர் ஆளுக்கு எண்ணெய் கசியுமா?"

"வெர்ஷன் பழசா இருந்தா கசியலாம்க்கா."

குழல்வாய்மொழி ஏற்கெனவே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

*

பேரருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. சனிக்கிழமைக் கூட்டம். நேந்திரங்காய் சிப்ஸ் வாசம், ஈரத்துணி, குரங்குகளைத் துரத்தும் சத்தம். அருவிக்குப் போகும் வழியில் உடம்பு பிடித்துவிடும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆலயத்துக்குக் கூட்டம் போன கதையைக் கேட்டதும் முதல் மூன்று பேரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். கல்லில் குப்புறப் படுத்திருந்த ஒரு வியாபாரியின் முதுகில் சப்புச் சப்பென்று அறைந்துகொண்டிருந்தான் பிச்சுமணி. கையில் எண்ணெய்க் கிண்ணம், பேச்சில் நிற்காத ஓட்டம்.

"பொம்பளைகளுக்கு அங்கன தனியா ஆள் இருக்காக்கா" என்றான் இவர்களைப் பார்த்ததும்.

"எங்களுக்கு இல்ல அண்ணாச்சி" என்றாள் முஹ்ஸினா. "நீங்க ஒரு ஆலயத்துக்கே எண்ணெய் தேச்சு விட்டிருக்கீங்க. அத விசாரிக்க வந்தோம்."

அவள் போனைக் காட்டினாள். பிச்சுமணி எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தான்.

"இந்தக் கூத்தா? ஏச்சு வாங்குனது நான்லா! மதியம் பிரியாணின்னு சொல்லி, குளிச்சிட்டு வந்த சனத்தப் பூரா வேன் வேனா ஒரு ஆளு ஏத்திட்டுப் போனாரு. கையத் தூக்குங்க, கீழ போடுங்கன்னு சொல்லிப் படம் பிடிச்சிட்டு, கடைசியில எலுமிச்சஞ்சோறு போட்டு அனுப்பிட்டாரு. திரும்பி வந்து என்னையப் பிடிபிடின்னு பிடிச்சிட்டானுவ. ஒருத்தன், புளியங்குடி எலுமிச்ச மார்க்கெட்டு பூரா அந்த அண்டாவுலதான் பிழிஞ்சிருக்குன்னான்."

"உங்கள எதுக்கு ஏசுனாங்க?"

"நான்தான சொல்லி அனுப்புனேன்! அந்தாளு இங்கன படுத்துக்கிட்டே சொன்னாரு. உம்ம கிராக்கிய எல்லாம் அனுப்பும் வே, ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்தாப் போதும், சாப்பாடு உண்டுன்னாரு. ஏதோ புண்ணிய காரியம்னு நெனச்சேன்."

கல்லில் படுத்திருந்த வியாபாரி தலையைத் தூக்கினார். "ஏலே, முதுகு காயுது."

"இரும் வே, விசாரணை நடக்கு."

குழல்வாய்மொழி இன்னொரு படத்தைக் காட்டினாள். மணிமகுடம் பைனான்ஸ் தென்காசிக் கிளையின் ஆயுத பூஜைப் படம். மாலை போட்ட கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஆறேழு பேர். "இதுல அந்தாளு உண்டா?"

பிச்சுமணி கண்ணைச் சுருக்கினான். "மொகத்த விட எனக்கு முதுகுதான்க்கா நல்லாத் தெரியும். திரும்பி நிக்கச் சொன்னா சட்டுன்னு சொல்லிருவேன். வலது தோள்பட்டையில மாங்கொட்ட மாதிரி ஒரு தழும்பு." பிறகு எண்ணெய் விரல் படாமல் முழங்கையால் சுட்டினான். "இவருதான். நீலச் சட்ட."

நெற்றியில் திருநீறோடு நின்ற அந்த நீலச் சட்டைக்காரன் நெல்லையப்பன். கடன் கொடுக்கும்முன் நேரில் பார்த்துச் சான்று எழுதிய அதிகாரி. வழக்கில் கம்பெனியின் முதல் சாட்சி.

"கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்றாள் குழல்வாய்மொழி.

"சொல்லுதேன். அவரு இல்லைன்னா, சட்டையக் கழட்டச் சொல்லுங்க."

திரும்பும்போது முஹ்ஸினா ஸ்கூட்டரை ஓட்டவில்லை, பறக்கவிட்டாள். "முடிஞ்சுதுக்கா கேஸ்! இவ்வளவு கடன் குடுத்தேன்னு மேலிடத்துக்குக் கணக்குக் காட்டணும்னு அவனே கூட்டத்தக் கூட்டியிருக்கான். தவணை நின்னதும் ஐயோ ஏமாந்துட்டோம்னு அவங்களே அழுதாங்க. என்னா நடிப்பு! நான் இதுக்கு முந்தி வேல பாத்த கம்பெனிகூட இவ்வளவு மோசமில்ல."

பின்னால் இருந்த குழல்வாய்மொழி போனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, ஜெயிச்சதுக்கும் கோவமா?"

"வண்டிய ஓரமா நிறுத்துட்டி."

ஒரு பலாப்பழக் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் நின்றார்கள். குழல்வாய்மொழி வீடியோவை மறுபடி ஓட்டினாள். கூட்டம். கைகள். அழும் பிள்ளை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் காட்டினாள்.

"இந்தப் பிள்ள எங்க உக்காந்திருக்கு?"

"ஆம்பளைங்க பக்கம். அப்பன் மடியில."

"கைய எந்தப் பக்கம் நீட்டுது?"

முஹ்ஸினா பார்த்தாள். பிள்ளை நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் இருந்த பக்கம், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கையை நீட்டியது. அங்கே ஒரு பெண் எழப் பார்த்து, யாரையோ கண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அம்மாட்ட போணும்னு அழுது" என்றாள் முஹ்ஸினா மெதுவாக.

"குளிக்க வந்த குடும்பம். சாப்பாட்டுக்கு உக்கார வந்தா எப்பிடி உக்காருவாங்க? புருசன், பொண்டாட்டி, பிள்ளைன்னு ஒண்ணாத்தான. இவங்கள ஆம்பள வலது, பொம்பள இடதுன்னு யாரு பிரிச்சா? அதான் எண்ணெய்க் கறை ஒரு பக்கம் மட்டும் இருக்கு. ஆம்பளைங்கதான தேச்சுக்கிட்டு வந்தாங்க." அவள் பெண்கள் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "முக்காட்டப் பாரு. சேல தலப்பா அது?"

அது சேலைத் தலைப்பு இல்லை. கோடு போட்ட குளியல் துண்டு. வரிசை வரிசையாக எல்லாத் தலையிலும் குற்றாலத்துத் துண்டு.

"நெல்லையப்பன் திருநீறு பூசுத ஆளு" என்றாள் குழல்வாய்மொழி. "அவனுக்குத் தல எண்ணிக்க நெறஞ்சாப் போதும். தலையில துணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இதப் பாத்துப் பாத்துச் செஞ்சவன் வேற ஆளு. கள்ளத்தனம் பண்ணும்போதும் ஆலய ஒழுங்கு கெடக் கூடாதுன்னு நெனைக்கவன்."

முஹ்ஸினா வண்டியைக் கிளப்பினாள், இந்தமுறை மெதுவாக.

*

ஐயர் அதே பெஞ்சில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போயிருந்ததாகவே தெரியவில்லை. தேவஇரக்கம் பீடத்தின் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

குழல்வாய்மொழி பிச்சுமணி சொன்னதைச் சொன்னாள். நெல்லையப்பன் பேரைக் கேட்டதும் ஐயர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆண்டவரே" என்றார். "அப்போ சொர்ணத்துக்கு அந்த எடம் போகாது."

"ஸ்தோத்திரம்! நான் அப்பவே சொன்னேன், அந்த நெல்லையப்பன் மூஞ்சியே சரியில்லன்னு" என்றார் தேவஇரக்கம். கம்ப்யூட்டர் வேலை என்று காலையில் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது. "அம்மா, நீங்க நல்லாருப்பீங்க."

"மோசமான ஆளுதான் அண்ணாச்சி" என்றாள் குழல்வாய்மொழி. கோபம் தொண்டை வரை வந்திருந்தது. அதை அங்கேயே நிறுத்தி, சாதாரணக் குரலில் பேசினாள். "உங்க ஆலயத்த எப்பிடி அசிங்கப்படுத்தியிருக்கான் தெரியுமா? படத்துல விழுத முன்பக்கத்துக்கு மட்டும் முக்காடு. பின் பெஞ்சுல பூரா ஈர நைட்டியோட, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுப் பொம்பளைங்க உக்காந்திருந்தாங்களாம். அங்கனயே தல துவட்டுனாங்களாம், பீடத்தப் பாத்துக்கிட்டே. பிச்சுமணி சொல்லிச் சிரிக்கான்."

தேவஇரக்கத்தின் முகம் சிவந்தது.

"எவன் சொன்னான்? ஆலயத்துக்குள்ள அப்பிடி நடக்க விடுவேனா? துண்டு பத்தலன்னு கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி, கடைசிப் பெஞ்சு வரைக்கும் நானே குடுத்துப் போடச்…"

வாய் நின்றது. கையில் பிடித்திருந்த விரிப்பின் நுனி நழுவியது.

"திருநெல்வேலி கலியாணத்துல பந்தி நல்லா இருந்துதா அண்ணாச்சி?" என்றாள் முஹ்ஸினா. அதில் சிரிப்பு இல்லை.

தேவஇரக்கம் ஐயரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினார். "ஒரு பைசா நான் எடுக்கல. கர்த்தர் அறிய எடுக்கல. நெல்லையப்பன்தான், மேலிடத்துக்கு ஒரு வீடியோ போதும், ஒரு நாள் ஆலயத்த நெறச்சுக் காட்டுங்க, மண்டபம் வந்துரும்னான். நீங்க யாரும் அலைய வேண்டாம், ஆள நான் கொண்டாறேன்னான். மண்டபம் வந்தா வாடக வரும், பிள்ளைக ஊரு திரும்பும்னு நெனச்சேன். தெறந்து விட்டேன்."

"விட்டுட்டு?"

"எங்கப்பா காலத்துல கிறிஸ்மஸ்னா வெளிய பாய் விரிச்சு உக்காருவாங்கம்மா. இப்ப எல்லாம் பெங்களூரு, துபாய். அன்னைக்கு… பெஞ்சு பூரா நெறஞ்சிருந்துது. நான் பீடத்துப் பக்கம் நின்னு அழுதுட்டேன்."

"வாடகைக் கூட்டத்தப் பாத்து அழுதீரா?" குழல்வாய்மொழியின் குரல் ஆலயத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பியது. தொண்டையில் நிறுத்தி வைத்திருந்தது முழுவதும் இப்போது வெளியே வந்தது. "அங்க ஒரு மனுசன் பொண்டாட்டி கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரு. நீரு இங்க எலுமிச்சஞ்சோத்துக்கு வந்தவங்களுக்குத் துண்டு பங்கு வச்சிருக்கீரு! அப்புறம் அவரு பேருல புகார் வருது, வாயத் தெறக்கல. போலீஸ் வருது, தெறக்கல. இன்னைக்குக் காலையில இந்தக் கறையக் காட்டிக் கேக்கேன், வார்னிஷ்ங்கீரு! அந்தக் கறை யாரு முதுகுல ஒட்டிச்சுன்னு அவரு சொன்னாருல்லா? அதக் கேட்டுக்கிட்டுத்தான நின்னீரு?"

தேவஇரக்கம் நழுவிய விரிப்பைக் குனிந்து எடுத்தார்.

"நல்லாக் கேளும். பிச்சுமணி சொன்னா மட்டும் பத்தாது. சபை கூப்பிட்டுத்தான் கூட்டத்த அனுப்புனேன், ஐயருக்கும் தெரியும்னு நெல்லையப்பன் மாத்திச் சொல்லுவான். அவனும் நீரும் பேசுனத நீரு கூண்டுல ஏறிச் சொன்னா, ஏமாந்தேன்னு சொல்லுத கம்பெனியோட ஆளே ஏமாத்துனதா ஆவும். ஐயருக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் ஆவும். உம்ம பேருல கேஸ் வரும். உள்ள போக வேண்டியும் வரலாம். என்ன செய்யப் போறீரு?"

"சொல்லுதேன்" என்றார் தேவஇரக்கம். "திங்கக்கிழம வக்கீல்ட்ட முதல்ல சொல்லுதேன். அப்புறம் கூண்டுலயும் சொல்லுதேன்."

பிறகு பீடத்தின் படியிலிருந்து இறங்கி, முன் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"ஐயரே. அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். ஏசினாலும் சரி. ஒரு வார்த்த சொல்லுங்க."

வேதமாணிக்கம் ஐயர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா, வேறு எப்படியாவது பார்த்தாரா என்று குழல்வாய்மொழிக்குப் பிடிபடவில்லை. இப்படி ஒரு முகத்தை அவள் எந்தக் கூண்டிலும் பார்த்ததில்லை.

ஐயர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். தேவஇரக்கத்தைச் சுற்றிக்கொண்டு நடைபாதையில் இறங்கினார். ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகளைத் தாண்டினார். கதவோரம் சாய்த்து வைத்திருந்த குடையை எடுக்கவில்லை.

வெள்ளை ஜிப்பாவின் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, எண்ணெய்க் கறை அகலமாகப் படிந்திருந்தது. சாரலில் நனைந்தபடி அந்த முதுகு மண்டபத்துத் தூண்களைக் கடந்து, கல்லறைத் தோட்டத்து வாசலுக்குள் போய் மறைந்தது.